கை நீட்டாத அமலி

காபியெல்லாம் எதற்கு, இலக்கியா அம்மா? சரி, போட்டுவிட்டீர்கள், கொடுங்கள். சர்க்கரை போடவில்லையே? நீங்கள் உட்காருங்கள். கையில் இருக்கிற வேலையை நிறுத்த வேண்டாம். அந்த ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டே கேளுங்கள். காது சும்மாதானே இருக்கிறது.

நான் சண்டை போட வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்மாலயா மில்லின் பெண்கள் கூடைப்பந்து அணியை நாற்பது வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அதே அணிக்குக் கேப்டன். எத்தனையோ பெண்களை இந்த அணி வழியாக வேலைக்குச் சேர்த்துவிட்டிருக்கிறேன். எவள் வீட்டுப் படியையும் நானாக வந்து மிதித்ததில்லை. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றால் உங்கள் பெண்ணின் ஆட்டம் அப்படி. அவள் இல்லாமல் நாளைக்கு அணி வெளியூர்ப் போட்டிக்கு ரயில் ஏறினால், ஏறாமலே இருந்திருக்கலாம்.

நேற்று நடந்ததைச் சொன்னாளா? சொல்லியிருப்பாள். அவள் சொன்னது ஒரு விதமாக இருக்கும். நான் சொல்வதையும் கேளுங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன்னால் இரண்டு அணியும் வரிசையில் நிற்கும். சிறப்பு விருந்தினர் நடந்து வருவார். நான் பக்கத்திலேயே போய் ஒவ்வொருத்தியின் பெயரும் ஆடுகிற இடமும் சொல்லுவேன். அவர் கை கொடுப்பார், இவள் கை கொடுப்பாள், அடுத்த ஆள். கோயிலில் பூஜைக்கு மணி அடிக்கிற மாதிரி. அதற்கு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அடிக்க வேண்டும், அடிக்கிறார்கள். நேற்று எங்கள் மில்லின் மேனேஜர் தினகரன் சார்தான் விருந்தினர். "இலக்கியா, சென்டர்" என்று நான் சொன்னேன். அவர் கையை நீட்டினார். உங்கள் பெண் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அடுத்து நின்ற ஐந்து பேரும் அதையே செய்தார்கள்.

நீட்டிய கை ஒன்று காற்றில் நிற்பதை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருக்காது. எனக்கு அது புதிதில்லை. ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் ராத்திரி முழுக்கப் புரண்டேன், விடிந்ததும் உங்களிடம் வர வேண்டும் என்று நினைத்தேன். மில் விட்டு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அமலோற்பவம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமலி, அமலி என்று இந்தப் பெண்கள் உருகுகிறார்களே, அவள்தான். கை நீட்டாத அமலி. இவர்களெல்லாம் அவள் ஆடியதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தவர்கள். நான் அவளோடு ஒரே பாயில் படுத்தவள். அவள் கதை என்ன ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தாய் நீங்கள், தெரிந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல் பக்கம் அவள் ஊர். ஆறடி. கதவு வாசலில் தலை குனிந்துதான் வருவாள். அது ஒன்றுக்குத்தான் அவள் தலை குனிந்து நான் பார்த்தது. ஆட்டம் என்றால் ஆட்டம். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்து அவள் வீட்டுப் பிள்ளை மாதிரி அவள் கைக்கே வரும். அவள் பிடித்து எனக்குத் தருவாள், நான் கொண்டுபோவேன், திரும்ப அவளுக்கே கொடுப்பேன். கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். நாங்கள் சேர்ந்து ஆடிய ஐந்து வருஷம் எங்களை ஜெயிக்க ஆள் இல்லை.

ஆனால் குணம். அந்தக் காலத்தில் ஆண்கள் அணி போட்டுக் கழித்த ஷூவைத்தான் எங்களுக்குத் தருவார்கள். முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொள்வோம். ஒரு சித்திரை மாதம் அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டாள். சிமெண்டுத் தரை. நான்கு ஆட்டம் அப்படியே ஆடினாள். பாதம் கொப்புளித்து உடைந்து, தரையில் ஈரத் தடம் தடமாக. முதலாளி கேலரியில் இருந்து பார்த்துவிட்டார். அடுத்த வாரம் எல்லோருக்கும் புது ஷூ வந்தது. நானும் போட்டுக்கொண்டேன், ஏன் போட மாட்டேன்? ஆனால் அது கேட்கிற முறையா? இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பாதத்துக்கு ஆண்கள் ஷூ கச்சிதமாக இருந்தது. எங்களுக்குத்தான் பெரிது. அவளுக்கு என்ன வந்தது?

முட்டையும் அப்படித்தான். ஆண்களுக்குக் காலையில் இரண்டு முட்டை உண்டு, எங்களுக்குக் கிடையாது. இவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. பரிமாறுகிறவர் தாண்டித் தாண்டிப் போனார். தினமும் போய் உட்கார்ந்தாள். ஆண்களே கூசிப்போய்ச் சாப்பிட முடியாமல் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் எங்களுக்கும் முட்டை வந்தது. அமலிக்கு முட்டை வாடையே ஆகாது, தெரியுமா? அவள் பங்கைப் பேச்சிக்குக் கொடுப்பாள்.

பேச்சியம்மாள். தென்காசிப் பக்கத்துப் பெண். அந்த வருஷம்தான் சேர்ந்தாள். பத்தொன்பது வயது. பேர்தான் பேச்சி, வாயில் பேச்சே வராது என்று கேலி செய்வோம். சிரிப்பாள். ஒல்லி உடம்பு, ஆனால் குதித்தால் மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்குகிற மாதிரி இருக்கும்.

இப்போது சபாபதி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பற்றித் தப்பாகப் பேச மாட்டேன். நேற்று உங்கள் பெண் ஆடியதே அவர் நினைவுக் கோப்பைக்குத்தான். மில்லுக்கு விளையாட்டு அதிகாரி, முதலாளி வீட்டுக்கு உறவு. அவரில்லாமல் பெண்கள் அணியே இல்லை. ஷூ, ஜெர்சி, முட்டிக்குப் போடுகிற பட்டை எல்லாம் அவர் பொறுப்பு. எந்த ஊருக்குப் போனாலும் சாமான் பெட்டி அவர் அறையில்தான் இருக்கும். வேண்டியதை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அளவு சரியாக இருக்கிறதா என்று அவரே பார்ப்பார். அவர் அப்படி ஒரு மனிதர்.

நான் கேப்டன் ஆன முதல் வாரமே ஒரு விதி போட்டேன். சார் அறைக்கு யார் போனாலும் இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வாசலில் என்பதெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் உள்ளே போய், இரண்டு பேரும் வெளியே வர வேண்டும். எந்தப் பெண்ணும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒழுங்குதான். எனக்கு முன்னால் இருந்த கேப்டன் இதைக்கூடச் செய்யவில்லை. நான் புதிதாகச் சேர்ந்தபோது என்னோடு கூட வர ஆள் இல்லை. தனியாகத்தான் போனேன். போனேன், ஷூ வாங்கினேன், வந்தேன். செத்தா போய்விட்டேன்?

காபி நன்றாக இருக்கிறது. நீங்கள் தைப்பதை நிறுத்திவிட்டீர்களே.

தூத்துக்குடியில் அகில இந்தியப் போட்டி. இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை. அமலி காலையிலேயே மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். பூசை தவற மாட்டாள். எனக்குக் கணுக்கால் வீங்கி, ஐஸ் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே இருந்து லாட்ஜ் ஆள் வந்து, இறுதி ஆட்டத்துக்குப் புது ஜெர்சி வந்திருக்கிறது, சார் ஆளை அனுப்பச் சொன்னார் என்றான். எந்த அணியிலும் ஒரு வழக்கம் உண்டு அம்மா, கடைசியாகச் சேர்ந்தவள்தான் சாமான் தூக்க வேண்டும். பேச்சியைப் போகச் சொன்னேன். கூடப் போக வேண்டிய லீலா குளித்துக்கொண்டிருந்தாள். பேச்சி கதவுகிட்டே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "லீலாக்கா வரட்டுமா கேப்டன்?" என்றாள். பட்டப்பகல். ஒரு மாடி இறங்கினால் அறை. "அவ பின்னாடியே வருவா, நீ போடி" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

லீலா தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஈரத் தலையோடு எப்படிப் போவது என்றாள். சரி, பேச்சி இப்போது வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டோம்.

வந்தாள். ஜெர்சி இல்லாமல் வந்தாள். நேரே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. கதவைத் தட்டி என்னடி என்றேன். திறக்கவில்லை. இப்போது நீங்களே சொல்லுங்கள், ஒரு பெண் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் நமக்கு என்ன தெரியும்? சாயங்காலம் ஆட்டம். ஜெர்சி வேண்டும். நான் நொண்டிக்கொண்டே கீழே போய் வாங்கி வந்தேன். லீலாவைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். விதி என்றால் எனக்கும் விதிதான்.

அமலி திரும்பி வந்து அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டாள். குளியலறைக் கதவில் வாயை வைத்து ஏதோ மெதுவாகச் சொன்னாள். பேச்சி அவளுக்குத் திறந்தாள். எனக்குத் திறக்காதவள் அவளுக்குத் திறந்தாள். வெளியே வந்தபோது அமலி எங்கள் எல்லோரையும் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யார் அனுப்புனா?"

நான் ஜெர்சியை மடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் போய்த் தன் ஜெர்சியை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கேலரி நிறைந்து மதில் மேலெல்லாம் ஆள். கோப்பை கொடுப்பது எங்கள் மில். முதலாளிக்கு வர முடியவில்லை, அவர் இடத்தில் சபாபதி சார்தான் விருந்தினர். வரிசையில் நிற்கிறோம். நான் கேப்டன், முதல் கை நான் கொடுத்தேன். பிறகு அவரோடு நடந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "அமலோற்பவம், சென்டர்." கை நீட்டினார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் சிரித்தார், அவளுக்குக் கவனமில்லை என்று நினைத்தார் போல. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். கேலரியில் சத்தம் ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. அடுத்து நின்றவள் பேச்சி. அவர் நகரப் பார்த்ததும் அமலி ஒரே ஓர் அடி பக்கவாட்டில் வைத்துப் பேச்சிக்கு முன்னால் வந்து நின்றாள். கை பின்னால்தான். அந்தக் கையைப் பேச்சி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். அந்தப் பக்கம் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது. நான் என்ன செய்வது? "பேச்சியம்மாள்" என்றேன். பெயர் சொல்வதுதானே என் வேலை.

ஆட்டம் எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். அமலி அன்றைக்கு ஆடியது போல ஒரு மனுஷி ஆடி நான் பார்த்ததில்லை. பேச்சியைப் பெஞ்சில் உட்கார்த்தி, அவளுக்கும் சேர்த்து இவளே ஆடினாள். கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். என்னைத் தள்ளிவிட்டதற்கு எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் போட வேண்டிய பந்து. அந்த வருஷம் முழுக்க நான் அதில் தவறியதே இல்லை. ஒன்று போட்டால் சமம், இரண்டு போட்டால் கோப்பை. பந்தை வாங்கினேன். கை நடுங்கியது. உள்ளங்கையில் ஒரே பிசுபிசுப்பு, அவர் கையின் ஈரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. பாவாடையில் துடைக்கிற மாதிரி கால்சட்டையில் துடைத்தேன், போகவில்லை. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தில்கூடப் படவில்லை.

இந்த ஊரில் இன்னமும் சொல்கிறார்கள், சுகந்தி தோற்கடித்துவிட்டாள் என்று. நான் கேட்கிறேன், என் கை ஏன் நடுங்கியது? அவள் அந்த நாடகத்தை ஆடாமல் இருந்தால் நடுங்கியிருக்குமா? என் கையை நடுங்க வைத்தது அவள். கோப்பையைத் தோற்றவள் அவள். பழியை மட்டும் நான் நாற்பது வருஷமாகச் சுமக்கிறேன்.

பிறகு மில்லில் விசாரணை. ஒவ்வொருத்தியாகத் தனித்தனியே கூப்பிட்டார்கள். என்னிடம், அணியில் ஏதாவது முறைகேடு தெரியுமா என்றார்கள். எனக்கு எதுவும் தெரியாது, பெண்கள் பாதுகாப்புக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன் என்று சொல்லி அந்த இரண்டு பேர் விதியை எடுத்துச் சொன்னேன். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று சபாபதி சாரே சொன்னார். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் பெண்கள் அணியை என் பொறுப்பில் விட்டார்கள். பேச்சி ஊருக்குப் போய்விட்டாள். அமலியை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "எதுக்குன்னு சொல்லுங்க, கேட்கிறேன்" என்றாளாம். அதை மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை. அவளை அணியில் இருந்து எடுத்துவிட்டுக் கழிவுப் பஞ்சு அள்ளுகிற இடத்தில் போட்டார்கள். வேறு எந்த அணியும் சேர்க்கவில்லை. அவளுக்கு வயது இருபத்தாறு. ஆட்டம் முற்றி வருகிற வயது.

அதோடு விட்டாளா? எங்கள் மைதானத்தில் ஆட்டம் நடக்கிற நாளெல்லாம் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு, வாசலுக்கு வெளியே வந்து நிற்பாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கோஷம் கிடையாது, அட்டை கிடையாது. ஆட்டம் முடிகிற வரை நிற்பாள், போவாள். வருஷக்கணக்காக. வெளியூரிலிருந்து வருகிற பெண்கள் உள்ளே போகும்போது அவளைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வரிசையில் நிற்கும்போது அங்கொருத்தி இங்கொருத்தி கையைப் பின்னால் கட்ட ஆரம்பித்தார்கள். பத்திரிகையில் எழுதினார்கள். நான் ஒருமுறை வாசலுக்குப் போய்ச் சொன்னேன், "போதும் அமலி, யாருக்காக நிக்கற? பேச்சியே கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா" என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"உனக்கும் சேத்துதான் நிக்கறேன் சுகந்தி."

எனக்கு வந்த கோபம். எனக்கு என்ன கேடு? நான் உள்ளே இருக்கிறேன், அவள் வெளியே நிற்கிறாள். எனக்காக நிற்கச் சொல்லி நான் கேட்டேனா?

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, போன ஆடியில் போய்விட்டாள். நான் போனேன். போகாமல் இருப்பேனா? பெட்டியில் படுக்க வைத்து இரண்டு கையையும் மார்பில் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். இப்போதாவது கையை முன்னால் வைத்தாளே என்று நினைத்தேன். தப்பா? மனதில் பட்டது. அவள் வீட்டுச் சந்து முழுக்க உயரம் உயரமாகப் பெண்கள். எந்தெந்த ஊர்களில் இருந்தோ வந்திருந்தார்கள், நரைத்தவர்கள், பிள்ளை தூக்கியவர்கள். எல்லோரும் வரிசையாக நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சாவு வீட்டில் கும்பிட வேண்டாமா? உங்கள் பெண்ணும் அந்த வரிசையில்தான் நின்றாள். இந்தப் பழக்கம் அங்கேதான் தொற்றியது.

பேச்சியும் வந்திருந்தாள். தலைமாட்டில் நின்றிருந்தாள். பருத்துவிட்டாள், அடையாளமே தெரியவில்லை. நல்லாயிருக்கியா பேச்சி என்று நானாகப் போய்க் கேட்டேன். நல்லாயிருக்கேன் கேப்டன் என்றாள். மரியாதை போகவில்லை பாருங்கள். அப்புறம் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அக்கறைதான், வேறென்ன.

அமலியின் கதை இவ்வளவுதான். பஞ்சுக் கிடங்கு, இருமல், ஒரு சந்து. உங்கள் இலக்கியாவுக்கு அது வேண்டுமா? அடுத்த மாதம் அவளுக்கு மில்லில் வேலை நிரந்தரம் ஆகப்போகிறது. இந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவா வேண்டும்? நாளைக்குச் சாயங்காலம் ரயில். தினகரன் சாரும் கூட வருகிறார். இவள் வந்து ஒரு வார்த்தை, மன்னிச்சிடுங்க சார் என்று சொல்லி ஒருமுறை கையைக் கொடுத்தால் முடிந்துபோயிற்று.

என்ன கேட்டீர்கள்? ஷூவா? ஆமாம், புது ஷூ வந்திருக்கிறது. தினகரன் சார் அறையில்தான் இருக்கிறது, போன வாரம் அவளைக் கூப்பிட்டார், இவள் போகவில்லை. அதை உங்களிடம் சொன்னாளா? சின்ன விஷயம் அம்மா. போட்டுப் பார்க்கத்தான் கூப்பிடுவார். பயப்படவே வேண்டாம். அதற்குத்தான் என் விதி இருக்கிறதே. நாற்பது வருஷமாக அதே விதிதான், இன்றைக்கும் மாற்றவில்லை. இரண்டு பேராகத்தான் அனுப்புவேன். நானே நின்று பார்த்துக்கொள்வேன். என் கால் வலி இல்லாமல் இருந்தால் நானே கூடப் போவேன். என்னை நம்பி அனுப்புங்கள்.

அந்த ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். குத்திவிடப் போகிறது.

சரி, யோசியுங்கள். நான் கிளம்புகிறேன். இருட்டிக்கொண்டு வருகிறது, ஏழு மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் இல்லை.

எழுந்திருக்காதீர்கள், நானே போய்க்கொள்கிறேன். இலக்கியாவைக் கூப்பிடுகிறீர்களா? உள்ளேதான் இருந்தாளா இவ்வளவு நேரம்? வா கண்ணு. பஸ் ஏற்றிவிட வருகிறாளா, சரி, வரட்டும், வழியில் அவளிடமும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், விடுங்கள். என்ன சொல்கிறீர்கள் இவளிடம்? "தனியாப் போகாத, அவளையும் கூட்டிக்கிட்டு ரெண்டு பேராப் போயிட்டு ரெண்டு பேரா வாங்க" என்றா?

என்னம்மா இது. தெருவிளக்கு எரிகிறது. பஸ் நிறுத்தம் இதோ இங்கேயிருந்தே தெரிகிறது. நான் ஒரு கிழவி. என்னோடு வருவதற்கு எதற்கம்மா இரண்டு பேர்?